ஹெரெஸில் ஷெரி போடேகா டூர்: எதைக் கவனிப்பது, எந்த வரிசையில் ருசிப்பது, எதோடு சாப்பிடுவது

கடலோடி:

ஸ்பெயினில் செவில் நகரத்தில் தங்கல். அங்கிருந்து ஒரு நாள் ஹெரெஸ் போய், அந்த ஊர் ஒயினான ஷெரியை முதிரவைக்கும் பழைய போடேகா (ஒயின் கிடங்கு) ஒன்றைக் கைடோடு சுற்றிப் பார்த்து, ஒயினும் தபாஸும் (சிறு தட்டு உணவுகள்) சேர்ந்த டேஸ்டிங் எடுப்பதாகத் திட்டம். இரண்டு பேர் போகிறோம், ஒருவர் சுத்த சைவம். ஷெரி இனிப்பாக இருக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. டூரில் எதைப் பார்க்க வேண்டும்? எத்தனை ஒயின் உள்ள டேஸ்டிங் எடுப்பது? ஒரே நாளில் இரண்டு போடேகா சரிப்படுமா?

பீப்பாய்வாசி:

முதலில் அந்த இனிப்பு விஷயம். ஃபீனோ, மன்சானியா, அமோன்டியாடோ, பாலோ கோர்டாடோ, ஒலோரோசோ என்ற ஷெரி வகைகள் ஐந்தும் இனிப்பே இல்லாதவை. இனிப்பு வருவது மீடியம், க்ரீம் ஷெரிகளிலும், பேத்ரோ ஹிமேனேஸ், மொஸ்கத்தேல் ஆகிய இரண்டிலும்தான். இனிப்பை எதிர்பார்த்து ஃபீனோவை வாயில் வைத்தால் முதல் மடக்கில் முகம் சுளிக்கும். பலர் அங்கேயே ஷெரி பிடிக்காது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

செவிலிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலை டூரையே புக் பண்ணுங்கள். நாக்கு புதுசாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல இடங்களில் டூரே கிடையாது. ஆங்கில டூருக்கும் ஸ்பானிஷ் டூருக்கும் நேரம் வேறு வேறு, புக் பண்ணும்போது மொழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு போடேகா முடியும், ஆனால் இரண்டிலும் முழு டேஸ்டிங் வேண்டாம். காலையில் பெரியது ஒன்று, அதில் சின்ன டேஸ்டிங். நிறைய தண்ணீர், கொஞ்சம் இடைவெளி. பிறகு சின்ன போடேகாவில் உணவோடு டேஸ்டிங். பெரிய இடங்களில் கட்டடங்களே பார்க்கத் தகுந்தவை. 1835-ல் தொடங்கிய கொன்சாலெஸ் பியாஸ் போடேகாவில் லா கோன்சா என்ற வட்ட மண்டபம் இருக்கிறது, ராணி இரண்டாம் இசபெல் 1862-ல் வந்ததன் நினைவாக எழுப்பியது என்பார்கள். ஃபுன்தாதோர் 1730-ல் தொடங்கியது, லுஸ்தாவ் 1896. ஆள் கூட்டம் குறைந்த இடங்களில் கைடிடம் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும், பீப்பாயிலிருந்து நேரே எடுத்துத் தரவும் வாய்ப்பு அதிகம்.

உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஈர மண், பழைய மரம், பாதாம், கொஞ்சம் ரொட்டி மாவு எல்லாம் கலந்த வாசனை வரும். பிறகு மேலே பாருங்கள். கூரை கோயில் மண்டபம் மாதிரி உயரமாக இருக்கும். சூடான காற்று மேலே போய்த் தங்கட்டும், பீப்பாய்கள் கீழே குளிர்ச்சியில் இருக்கட்டும் என்று அப்படிக் கட்டியது. ஜன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில், எஸ்பார்த்தோ புல் பாய் தொங்கவிட்டு இருக்கும். வெயிலை மறைத்து, மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வரும் போனியேன்தே காற்றை மட்டும் உள்ளே விட வேண்டும். கிழக்கிலிருந்து வரும் லெவான்தே வறண்ட, சூடான காற்று, அதுதான் எதிரி. தரை மஞ்சள் மண் தரை, கோடையில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவார்கள். வழுக்காத ஷூ போடுங்கள்.

இத்தனையும் யாருக்காக? ஃப்ளோருக்காக. ஒயினின் மேல் மிதக்கும் ஈஸ்ட் படலம் அது. ஒரு பீப்பாய் 600 லிட்டர் கொள்ளும், 500 லிட்டர்தான் நிரப்புவார்கள். மீதி இடம் ஃப்ளோர் மூச்சுவிட. பல போடேகாக்களில் ஒரு பீப்பாயின் முகப்பை மட்டும் கண்ணாடியாக்கி வைத்திருப்பார்கள், அதை அவசரப்படாமல் பாருங்கள். காய்ச்சி ஆறிய பாலில் ஆடை கட்டுமே, அதே மாதிரி சுருக்கம் விழுந்து, வெளிர் மஞ்சளாக மேலே நிற்கும். செத்த ஈஸ்ட் அடியில் கசடாகத் தங்கியிருக்கும். அந்த ஆடைதான் ஒயினைக் காற்று படாமல் காக்கிறது. சர்க்கரையையும் கிளிசராலையும் தின்றுவிட்டு, ஆல்கஹாலிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அசிட்டால்டிஹைடு என்ற வாசனைப் பொருளைக் கொடுக்கிறது. ஃபீனோவில் வரும் பாதாம் வாசனையும், அடிபட்ட ஆப்பிள் வாசனையும் அதனால் வருபவை.

ஆல்கஹால் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ஃப்ளோர் வாழும். 17-க்கு ஏற்றினால் செத்துவிடும். அப்போது காற்று நேரே ஒயினைத் தொடும், நிறம் கறுக்கும், அது ஒலோரோசோ. கொஞ்ச காலம் ஃப்ளோரின் கீழ் இருந்து, பிறகு ஃப்ளோர் போய் காற்றில் முதிர்ந்தது அமோன்டியாடோ. மூன்றுக்கும் திராட்சை ஒன்றே, பலோமீனோ. இது மனதில் இருந்தால் டூரில் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நாவரசு:

பீப்பாய்வாசி அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். பீப்பாய் முகத்துல சாக்பீஸ் கிறுக்கல் இருக்கும், அலங்காரம்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க. முதல் ருசிப்புல மென்மையா இருக்கிற ஒயினுக்குச் சாய்கோடு ஒண்ணு போடுவாங்க, பாலோன்னு பேரு. ஃப்ளோரின் கீழ வளர விட வேண்டியது அது. அப்புறம் அந்த ஒயின் ஒலோரோசோ மாதிரி வாயில கனமாக ஆரம்பிச்சா, அதே கோட்டின் குறுக்க இன்னொரு கோடு போட்டு வெட்டிருவாங்க. வெட்டப்பட்ட கோடு, அதுதான் பாலோ கோர்டாடோ. பேரே குறியீட்டுலேருந்து வந்தது.

பீப்பாயிலேருந்து ஒயின் எடுக்கிற வெனென்சியா வித்தையும் வெறும் காட்சி இல்லை. நீளமான வளையும் தண்டு, நுனியில சின்ன ஒடுக்கமான உலோகக் குவளை. குவளை ஒடுக்கமா இருக்கிறதுக்குக் காரணம், ஃப்ளோரைக் கலைக்காம நெட்டுக்குத்தாக் குத்தி, நடு ஒயினை எடுக்கணும். படலம் கிழிஞ்சு உள்ள விழுந்தா ஒயின் கலங்கிடும். தலைக்கு மேலேருந்து கிளாஸ்ல ஊத்துறப்போ காத்து பட்டு வாசனை விரியும். பக்கத்துக் கடலோர ஊரான சான்லூகார்ல இதையே ஒரே மூங்கில் தண்டுலேருந்து செதுக்கிப் பண்ணுவாங்க.

இப்ப அளவு. இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஆறு ஒயின் டேஸ்டிங்னா கிளாஸுக்கு 50 மி.லி. வெச்சா 300 மி.லி. சராசரி 17 சதவீதம்னா சுத்த ஆல்கஹால் 51 மி.லி., எடையில 40 கிராம். சாதாரண 12 சதவீத ஒயின் பாட்டில்ல பாதிக்கு மேல குடிச்ச கணக்கு. 30 மி.லி. விஸ்கி பெக்ல சொன்னா நாலைத் தாண்டிடும். கிளாஸ் சின்னதா, பாக்கிறதுக்குக் கொஞ்சமா தெரியறதால யாருக்கும் உறைக்கிறதில்லை. துப்புறதுக்குக் குவளை கேளுங்க, தருவாங்க. துப்புறதுல கூச்சப்பட ஒண்ணும் இல்லை, தொழில்ல இருக்கிறவங்க எல்லாரும் துப்புறாங்க. உணவோட ருசிக்கிறப்போ மட்டும் ஒரு சிறு மடக்கு விழுங்கணும், இல்லேன்னா தொண்டையில நிக்கிற பின்சுவை தெரியாது. ரெண்டு போடேகா போறீங்கன்னா முதல் இடத்துல முழுக்கத் துப்பிடுங்க. வண்டி ஓட்டுற எண்ணமே வேண்டாம், ரயில் இருக்கு.

காலையில லேசாச் சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்துல 17 சதவீதம் ஏறுறது வேற மாதிரி. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே காபி, பேஸ்ட், புதினா மிட்டாய் எல்லாம் நிறுத்திடுங்க. சென்ட் அடிச்சுட்டு வந்தா உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்துல நிக்கிறவருக்கும் ஃபீனோ வாசனை போச்சு.

கடலோடி:

அருமையான விவரம், இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பாட்டிலில் சோலேரா என்று போட்டு, கூடவே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஆண்டு ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவ்வளவு பழைய ஒயினா?

பீப்பாய்வாசி:

இல்லை. அந்தப் பீப்பாய் அடுக்கு எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது என்பதை வைத்த பெயர் அது. அறுவடை ஆண்டோ வயதோ இல்லை.

சோலேராவைக் கண்ணால் பார்த்தால் எளிதில் புரியும். பீப்பாய்கள் மூன்று நான்கு வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று இருக்கும். தரையை ஒட்டிய வரிசைதான் சோலேரா, பாட்டிலுக்குப் போவது அதிலிருந்துதான். எல்லாப் பீப்பாயிலும் ஒரு பங்கு மட்டும் எடுப்பார்கள். எடுத்த இடத்தை அதற்கு மேல்நிலையில் உள்ள கிரியாடேரா ஒயினால் நிரப்புவார்கள், அதை அதற்கும் மேல்நிலையால், கடைசி நிலையைப் புது ஒயினால். ஒரு தடவைகூட முழுசாகக் காலி செய்வதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தியது ஒரு துளி அதில் இருக்கத்தான் செய்யும், ஆனால் துளிதான்.

சராசரி வயதை நீங்களே போட்டுவிடலாம். அடுக்கில் உள்ள மொத்த ஒயினை, வருஷத்துக்கு எடுக்கும் அளவால் வகுங்கள். நிலைக்கு 100 பீப்பாய், நான்கு நிலை என்றால் மொத்தம் 2,00,000 லிட்டர். சோலேராவில் உள்ள 50,000 லிட்டரில் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் சுமார் 16,700 லிட்டர். வகுத்தால் 12 வருஷம். ஆவியாகும் பங்கைச் சேர்க்காத கணக்கு இது. கைடிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: எத்தனை நிலை, வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள். இந்த இரண்டையும் கேட்டால் மனப்பாடப் பேச்சை விட்டுவிட்டு உண்மையாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

வயதுக்கு உத்தரவாதம் வேண்டுமானால் லேபிளில் வி.ஓ.எஸ். (சராசரி 20 வருஷத்துக்கு மேல்), வி.ஓ.ஆர்.எஸ். (30-க்கு மேல்) முத்திரை பாருங்கள். அதை ஷெரிக்கான ஒழுங்காற்று மன்றம் சோதித்துத் தருகிறது. டேஸ்டிங்கில் வி.ஓ.ஆர்.எஸ். ஒன்று இருக்கும் என்றால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து அதை எடுங்கள், தகும். ஆனால் முழுக்க வி.ஓ.ஆர்.எஸ். ஆகவே உள்ள டேஸ்டிங் முதல் தடவை போகிறவர்களுக்கு வேண்டாம். அவை அத்தனை செறிவானவை, இரண்டாவது கிளாஸிலேயே நாக்கு களைத்துவிடும்.

தாழை:

சைவத்துக்கு நான் பதில் சொல்கிறேன். புக் பண்ணும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், அன்று போய்ச் சொன்னால் தட்டில் பாதியை எடுத்துவிட்டுத் தருவார்கள், அவ்வளவுதான். வழக்கமான தபாஸ் தட்டில் ஹமோன் என்கிற உலர்த்திய பன்றித்தொடைச் சீவல், சூரை மீன், இறைச்சி வறுவல் வரும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீனும் இல்லை, ஹமோனும் இல்லை என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஹமோன் துணுக்கை அங்கே தூவுபொருள் மாதிரி போடுவார்கள். சல்மோரேஹோ என்ற தக்காளிக் கூழ் பார்க்கச் சைவம், மேலே ஹமோனும் முட்டையும் தூவியிருக்கும். கூனிப்பட்டையும் கொண்டைக்கடலை மாவும் சேர்த்த தோர்திய்யித்தா அடை மாதிரி இருக்கும், உள்ளே கூனி இறால்.

கேட்டு வாங்கக் கூடியவை: ஊறிய ஆலிவ், வறுத்த உப்புப் பாதாம், பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த மசியல், காளான் வதக்கல், கூனைப்பூ (ஆர்ட்டிச்சோக்), காதிஸ் மலைப்பகுதியின் பயோயோ ஆட்டுப்பால் சீஸ். சீஸை உறைய வைப்பதற்கு விலங்கின் இரைப்பை நொதி சேர்ப்பது அங்கே சகஜம், அது ஆகாது என்றால் சீஸையும் விட்டுவிடுங்கள்.

இனிப்பில் தோசினோ தே சியேலோ வரலாம். பெயரில் பன்றிக்கொழுப்பு என்று பொருள் வரும், ஆனால் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும் மட்டுமே. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவைக் கன்னிமடங்களுக்குக் கொடுக்க, அங்கே பிறந்த பண்டம் என்று ஹெரெஸில் சொல்வார்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் ஒயின் எதால் தெளியவைக்கப்பட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாவரசு:

தாழை அக்கா, நல்லாச் சொன்னீங்க. ஒரே ஒரு திருத்தம்: தோர்திய்யித்தாவுல கூனிதான் மெயின், அதனால "கூனிப்பட்டை"ன்னு தனியா ஒண்ணு இல்லை. கோதுமை மாவும் கொண்டைக்கடலை மாவும் கரைச்சு, கூனியைக் கலந்து பொரிக்கிறது.

உணவோட சேர்த்து ருசிக்கிறதுக்கு முறை ஒண்ணு இருக்கு. முதல்ல ஒயின் மட்டும் ஒரு மடக்கு. அப்புறம் உணவு ஒரு கடி, நல்லா மென்னு முழுங்குங்க. வாயில அந்த ருசி இருக்கும்போதே ரெண்டாவது மடக்கு. முதல் மடக்குக்கும் ரெண்டாவதுக்கும் என்ன மாறுச்சுங்கிறதுதான் மொத்தப் பாடமும். ஒயின் இன்னும் துடிப்பா ஆச்சுன்னா பொருத்தம். கசந்தா, உலோக வாடை அடிச்சா, தொண்டை எரிஞ்சா பொருத்தம் இல்லை.

ஊர்ல ஒரு சொலவடை: நீந்துறதுக்கு ஃபீனோ, பறக்கிறதுக்கு அமோன்டியாடோ, ஓடுறதுக்கு ஒலோரோசோ. மீன், கோழி, மாடுன்னு அர்த்தம். சைவத்துக்கு இதையே மாத்திக்கலாம். ஃபீனோவோட ஆலிவும் உப்புப் பாதாமும். உப்பு பட்டதும் ஃபீனோவோட கசப்பு அடங்கி, ஒயின் மென்மையா தெரியும். அமோன்டியாடோவோட காளான், கூனைப்பூ. கூனைப்பூ சாதாரண ஒயினைக் கெடுக்கும், குடிச்சா அசட்டுத் தித்திப்பா மாறிடும். அமோன்டியாடோ அதுக்கு அசையாது. அதனால டேஸ்டிங்ல கூனைப்பூ வெச்சிருந்தா அந்த இடம் யோசிச்சுப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஒலோரோசோவோட நல்லா முத்தின கெட்டி சீஸ், வால்நட். பேத்ரோ ஹிமேனேஸோட ப்ளூ சீஸ், இல்லேன்னா கசப்பான டார்க் சாக்லேட்.

பேத்ரோ ஹிமேனேஸ்ல லிட்டருக்குக் குறைஞ்சது 212 கிராம் சர்க்கரை. பலது அதையும் தாண்டிப் போகும். திராட்சையைப் பாய்ல பரப்பி வெயில்ல காயவெச்சுப் பிழியறதால வர்ற இனிப்பு. அதோட தோசினோ தே சியேலோ வெச்சா ரெண்டும் தித்திப்பு, திகட்டிடும். நான் ப்ளூ சீஸுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

காரம் மட்டும் சேர்க்காதீங்க. ஆல்கஹால் காரத்தை ஏத்தி விட்டுடும்.

தாழை:

திருத்தத்துக்கு நன்றி நாவரசு, சரிதான், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஒரு கருத்து வேறுபாடு மட்டும். வரிசைப்படி முடித்துக்கொண்டே போகாமல், ஒவ்வொரு கிளாஸிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து, கடைசியில் ஃபீனோவுக்குத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஒரே திராட்சை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

நாவரசு:

மிச்சம் வைக்கிறது சரி அக்கா. ஆனா திரும்புறது பேத்ரோ ஹிமேனேஸுக்கு முன்னாடி. அவ்வளவு சர்க்கரைக்கு அப்புறம் ஃபீனோவைக் குடிச்சா புளிச்ச தண்ணி மாதிரி இருக்கும், பாவம் அந்த ஒயின். ஒலோரோசோ வரைக்கும் போய், ஃபீனோவுக்கு ஒரு தடவை வந்து, அப்புறம் இனிப்பு.

பீப்பாய்வாசி:

நாவரசு சொல்வதே சரி. இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் எல்லாக் கிளாஸையும் முன்னாடியே ஊற்றி மேஜையில் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். ஃபீனோ, மன்சானியாவுக்கு 7 முதல் 9 டிகிரி வேண்டும், அமோன்டியாடோ, ஒலோரோசோவுக்கு 12 முதல் 14. கைடு இருபது நிமிஷம் பேசி முடிப்பதற்குள் ஃபீனோ சூடேறி, சாராய நெடி மேலே வந்துவிடும். உட்கார்ந்ததும் ஃபீனோவை முகர்ந்து ஒரு மடக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உணவு வரும்போது ஃபீனோவை மட்டும் குளிர்ந்த பாட்டிலிலிருந்து புதுசாக ஊற்றச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்கலாம், நியாயமான வேண்டுகோள்தான்.

ஒலோரோசோ அதற்கு நேர் எதிர். ரொம்பக் குளிர்ந்து வந்தால் வாசனை மூடிக்கிடக்கும், கிளாஸை உள்ளங்கையில் அணைத்துச் சூடேற்றுங்கள்.

புதியவன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஷெரி பீப்பாயில் முதிர்ந்த விஸ்கி என்கிறார்களே, அது இந்தச் சோலேரா பீப்பாய்களில்தானா?

பீப்பாய்வாசி:

பெரும்பாலும் இல்லை. சோலேரா பீப்பாய் பல பத்தாண்டுகள் உழைத்து, மரத்தின் வாசனை எல்லாம் தீர்ந்துபோனது. ஷெரிக்கு அதுதான் வேண்டும், ஒயினில் மரம் பேசக் கூடாது. அதை எளிதில் விற்கவும் மாட்டார்கள். விஸ்கிக்குப் போவது புதுப் பீப்பாய், அதில் கொஞ்ச காலம் ஷெரி ஊற்றி ஊறவைத்துத் தயார்செய்து அனுப்புவார்கள். டூரில் இரண்டையும் காட்டினால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பழையது மட்டான கறுப்பு வண்ணம் பூசியிருக்கும். கசிவு வந்தால் அந்தக் கறுப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடலோடி:

கடைசிக் கேள்வி. திரும்பும்போது போடேகா கடையில் என்ன வாங்குவது? மன்சானியாவும் ஃபீனோவும் ஒன்றா?

தாழை:

செய்முறை ஒன்றுதான், இடம் வேறு. சான்லூகார் தே பர்ராமேதாவில் முதிர்வதற்கே மன்சானியா என்று பெயர். ஆற்றுமுகமும் கடலும் பக்கத்தில் இருப்பதால் ஃப்ளோர் வருஷம் முழுக்கத் தடிப்பாக நிற்கும், ஒயின் இன்னும் மெலிதாக, உப்புக் கரிப்போடு வரும். 1821-ல் தொடங்கிய பர்பதிய்யோ போடேகா அங்கேதான் இருக்கிறது. ஆனால் சான்லூகாருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். உங்கள் ஒரு நாள் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

வாங்கும்போது ஃபீனோவிலும் மன்சானியாவிலும் பாட்டில் அடைத்த தேதியைப் பாருங்கள். "என் ராமா" என்று போட்டிருந்தால் ஏறக்குறைய வடிகட்டாமல் பீப்பாயிலிருந்து வந்தது, எடுத்த மாதமும் பெரும்பாலும் லேபிளில் இருக்கும். திறந்தபின் ஃபீனோ குளிர்பெட்டியில் ஒரு வாரம்தான் தாங்கும். அமோன்டியாடோ இரண்டு மூன்று வாரம், ஒலோரோசோ ஒரு மாதம் வரை, பேத்ரோ ஹிமேனேஸ் அதற்கும் மேல். எல்லாவற்றையும் நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் ஒயின் காற்றைத் தொடும் பரப்பு கூடும்.

நீண்ட பயணம் என்றால் ஃபீனோவை அங்கேயே குடித்துவிட்டு, அமோன்டியாடோ ஒன்றும் ஒலோரோசோ ஒன்றும் எடுத்து வாருங்கள், சூட்டையும் குலுக்கலையும் தாங்குபவை அவை. பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து, செக்-இன் லக்கேஜில் போடுங்கள். கையில் எடுத்துப்போனால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

பீப்பாய்வாசி:

கொன்சாலெஸ் பியாஸ் போனால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். பீப்பாய் வரிசையின் அடியில், தரையில், இனிப்பு ஷெரி ஊற்றிய கிளாஸ் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் விரல் நீளத்துக்குச் சின்ன மர ஏணி சாய்த்திருப்பார்கள், எலிகள் ஏறிக் குடிக்க. கூட்டமாகப் போகும்போது கால் மறைத்து எளிதில் கண்ணில் படாது, குனிந்து தேடுங்கள்.